உறைப்புத் தாங்காத புழுக்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் மொட்டைமாடியில் எனக்கு நான்கு வாளி விவசாய நிலம் உண்டு. முதல் போகத்தில் நான் அறுவடை செய்தது, செத்துப்போன நான்கு கத்தரிக்கன்றுகளை. மண் சீமெந்தாக இறுகிக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்க மனமில்லாமல் மேலேயே நின்று வானம் பார்த்தது.

கொட்டாஞ்சேனையில் பூங்கன்று விற்பவரிடம் முறையிட்டேன். மண்ணில் உயிர் இல்லை என்று சொல்லி, ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிறைய மண்புழுக்களைத் தந்தார். சமையலறைக் கழிவைப் போட்டால் போதுமாம், மற்றதை அவை பார்த்துக்கொள்ளுமாம். பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தேன். உருகிவிடப் போகிறதே என்று பக்கத்தில் இருந்தவர் கவலைப்பட்டார். ஓம், கெதியாகப் போக வேண்டும் என்றேன்.

எங்கள் சமையலறையில் கழிவு என்றால் மிஞ்சிய மீன்குழம்பு, செத்தல்மிளகாய் இடித்த கட்டைச்சம்பல், ஊறுகாய்ப் போத்தலின் அடி. யாழ்ப்பாணத்து உபசரிப்புக்குக் குறை வராமல் மூன்று நாட்கள் பரிமாறினேன். நான்காம் நாள் காலை விருந்தாளிகள் தப்பி ஓடியிருந்தார்கள், மழைநீர் இறங்கும் குழாய் வழியாக நேரே கீழ்வீட்டு அன்ரியின் பல்கனிக்கு. அந்த அன்ரிதான் எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவி.

மேலே வந்து வாளியை எட்டிப் பார்த்தார். மண்ணில் சிவப்பாக எண்ணெய் மினுங்கியது.

"தம்பி, இதுகளுக்கு என்ன குடுத்தனீர்?"

"எங்கட வீட்டுச் சாப்பாடுதான், அன்ரி."

"உம்மட மனுசியின்ர குழம்பையா?"

பின்னால் நின்ற மனைவி அமைதியாகச் சொன்னார்: "அது இவர் வைச்சது."

அப்படியென்றால் புழுக்களில் பிழை இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் இன்னும் ஒரு புழு கீழே இறங்கினாலும் நான்கு வாளிகளும் குப்பைவண்டிக்குப் போகும் என்றார் அன்ரி.

ஐம்பது தாண்டிய நான் அவருடைய பல்கனியில் தவழ்ந்து, அகதிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். உறைப்பேறிய மண்ணை வழித்தெறிந்தேன். உப்புப் போகும்வரை மிச்சத்தை அலசினேன். பிறகு மரக்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலை, கிழித்த பழைய பத்திரிகை. உப்பில்லை, உறைப்பில்லை. வைத்தியர் எனக்குச் சொன்ன பத்தியத்தை நான் கடைப்பிடிக்காவிட்டாலும் என் புழுக்களாவது கடைப்பிடித்தன.

தினமும் விடிந்ததும் மேலே ஓடிக் குழாய்வாயைப் பார்ப்பேன். யாரும் ஓடவில்லை. மூன்று மாதத்தில் மண் கறுத்து, பிட்டுக்குக் குழைத்த மா மாதிரி ஆனது. பிடித்தால் உருண்டை, தட்டினால் உதிரும். தண்ணீர் ஊற்றியவுடன் குடித்தது. புதிதாக நட்ட கத்தரியில் ஊதாப் பூ வந்த அன்று முழுத் தொடர்மாடிக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் அன்ரி கையைப் பொத்தியபடி மேலே வந்தார். விரித்தார். உள்ளங்கையில் ஒரு புழு. என் வாளிகள் குப்பைவண்டி ஏறுவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

"இது என்ர கறிவேப்பிலைச் சாடிக்குள்ள இருந்தது. அண்டைக்கு வந்ததில ஒண்டாத்தான் இருக்கும். மொட்டையாய் நிண்ட கண்டு இப்ப துளிர்க்குது, தம்பி. தனிய இருக்குது, பாவம். துணைக்குக் கொஞ்சம் தாருமன்."

இரண்டு கை நிறைய, மண்ணோடு அள்ளிக் கொடுத்தேன். அப்போ வாளிகள் இருக்கலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"இருக்கட்டும். நீர் சமைக்கிறதை மட்டும் குடுக்கக் கூடாது."

அந்த நிபந்தனையை என் மனைவி அன்றே எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் நீட்டிவிட்டார்.