கிருமி வளந்தாத்தான் சட்னி சுத்தம்

உணவுப் பரிசோதனைக் கூடத்துல வேலை செய்றவங்களுக்கு நல்ல செய்தி சொன்னா நன்றி கிடையாது, கெட்ட செய்தி சொன்னா மரியாதை கிடையாது. செனாய் தொழிற்பேட்டையில எங்க லேப். மீகூன் அரிசிச் சேமியாலேர்ந்து ஐஸ்கட்டி வரைக்கும் எதைக் கொண்டு வந்தாலும், அதுல கிருமி இருக்கா இல்லையான்னு சொல்றது என் பொழப்பு. விதிப்படி வேலை செஞ்சு, அதுக்காகவே ஏச்சு வாங்கின சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

திறந்த டப்பா

லாயாங் லாயாங்குற ஊர்லேர்ந்து பரமேஸ்வரி அக்கா கார் எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஃபேக்டரி வேலைய விட்டுட்டு, வீட்டுலயே தேங்காய்ச் சட்னி அரைச்சு டப்பா போட்டு விக்கிறவங்க. இங்க ஒரு ஃபேக்டரி கேண்டீன் தினமும் வாங்கிக்கிறதாச் சொல்லியிருக்கு. வயித்தக் கெடுக்கிற சால்மோனெல்லாக் கிருமி இல்லைன்னு எங்க ரிப்போர்ட் வேணும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்ள. பிந்தினா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்.

"டப்பா மூடினபடி, ஜில்லுன்னு இருக்கணும்க்கா"ன்னு நான் சொல்லி வாய மூடல, அவங்க மூடியப் பிரிச்சு, விரலால வழிச்சு நாக்குல வச்சுட்டாங்க. அலமாக்! திறந்த டப்பாவ எடுக்க மாட்டோம்னேன். நல்லவேளை, கார்ல ஐஸ்பெட்டிக்குள்ள இன்னொண்ணு இருந்துச்சு. அதைக் கொண்டு வந்து வச்சுட்டு ஒரு மொற மொறச்சாங்க பாருங்க.

"நான் தின்னுட்டு உங்க முன்னாடி குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், இதுக்கு மேல என்னா ரிப்போர்ட் லா வேணும்?"

ஜோசப் ஊத்தின உறை

எங்க சோதனைக்கு ஒரு சாட்சி உண்டு. அசல் சால்மோனெல்லாவையே வெளிநாட்டுலேர்ந்து சின்னக் குப்பியில வரவழைச்சு, உறைய வச்சிருப்போம். வாடிக்கையாளர் சாப்பாட்டைச் சோதிக்கிறப்ப, பக்கத்துத் தட்டுல இந்தக் கிருமியையும் போடுவோம். அது கறுப்புப் புள்ளியா வளரணும். வளரலைன்னா எங்க சோதனைக்கே கண்ணு தெரியலைன்னு அர்த்தம். அப்புறம் சட்னியில ஒண்ணும் இல்லைன்னு எந்த வாயால சொல்றது?

அக்காவோட தட்டு துடைச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். சாட்சித் தட்டப் பாத்தேன், வெளிறிப்போன புள்ளிங்கதான். கறுப்பைக் காணோம். குறை கிருமியிலயா, தட்டுலயா, யாருக்குத் தெரியும்? சோதனையே செல்லாது.

கூட வேலை செய்ற ஜோசப்பக் கேட்டா, தலையச் சொறியுறான். புதுக் குப்பியத் திறக்க மனசு வராம, ஒரு தட்டுலேர்ந்து அடுத்த தட்டு, அதுலேர்ந்து அடுத்ததுன்னு மாத்தி மாத்தியே வளத்திருக்கான். அப்படிப் போகப் போகக் கிருமி தன் குணத்த விட்டுரும், அதனாலதான் இத்தனை தடவைக்கு மேல மாத்தக்கூடாதுன்னு விதியே இருக்கு. திட்டலாம்னுதான் வாயத் திறந்தேன்.

"எங்க வீட்டுல நேத்துத் தயிர்லேர்ந்துதான் இன்னிக்குத் தயிர், ஒரு நாளும் கெட்டதில்ல, அந்த நெனப்புலயே செஞ்சுட்டேன் அக்கா."

வியாழக்கிழமை போன்

இதைப் பரமேஸ்வரி அக்காகிட்ட யார் சொல்றது? நான்தான். மறுபடி சோதிக்கணும், அடுத்த வாரம்தான் ரிப்போர்ட்னேன். "சுத்தம்னுதானே வந்துச்சு, அதையே குடுங்களேன் தங்கச்சி"ன்னு கெஞ்சினாங்க. அழுதாங்க. தப்பு எங்களோடது, நஷ்டம் அவங்களோடது. ஆனா அந்தத் தட்டை நம்பி என்னால கையெழுத்துப் போட முடியல. எங்க கிருமி கறுக்காத கதையச் சொன்னேன். அழுகை போய் கோவம் வந்துருச்சு.

"உங்க கிருமிக்கு ஒடம்பு சரியில்லைன்னா என் சட்னிக்கு எதுக்கு எம்.சி. குடுத்து லீவு போடச் சொல்றீங்க?"

மின்னாத புள்ளி

கேண்டீன் ஆர்டர் வேற ஆளுக்குப் போயிருச்சு. மாசக் கடைசியில ரிப்போர்ட்டோட வாங்க, பாக்கலாம்னு சொல்லிட்டாங்களாம்.

நாங்க புதுக் குப்பி திறந்து, எடுத்து வச்சிருந்த மீதிச் சட்னிய மறுபடி சோதிச்சோம். சாட்சி கறுகறுன்னு வளந்துச்சு. கூடவே சட்னித் தட்டுலயும் கறுப்புப் புள்ளி! எங்க கிருமியே தவறி அதுல விழுந்திருக்கலாம் இல்லையா? அதைக் கண்டுபிடிக்கத்தான், விசேஷ விளக்குல பச்சையா மின்னுற ரகத்தையே சாட்சிக் கிருமியா வாங்கி வச்சிருக்கோம்; புள்ளி மின்னினா அது எங்களோடது. தப்பு எங்களோடதா இருக்கட்டும், மின்னிருன்னு வேண்டிக்கிட்டே ஜோசப் பின்னால நின்னேன். அவன் விளக்கு பிடிச்சான், ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தான்.

"மின்னல அக்கா, இது நம்ம ஆளு இல்ல."

அக்கா கேட்டது

விஷயத்தப் போன்ல சொன்னப்ப அக்கா சண்டை போடல. "அன்னிக்கு நான் கெஞ்சினப்ப நீங்க குடுத்திருந்தா, கேண்டீன்ல சாப்பிடற பிள்ளைங்க வயித்துக்கு நான்லா பதில் சொல்லியிருக்கணும்"னு சொன்னாங்க. மொத தடவை எடுத்த கரண்டிச் சட்னியில சிக்காத கிருமி, ரெண்டாவதுல சிக்கியிருக்கு போல. போன்லயே ரெண்டு பேரும் யோசிச்சோம். பாசார்ல துருவித் திறந்து வச்சிருக்கிற தேங்காய வாங்கியிருக்காங்க. அதுமேலதான் சந்தேகம். அதை விட்டுட்டு முழுத் தேங்காய் வாங்கி, கொதிநீர்ல முக்கி எடுத்து, வீட்டுலயே உடைச்சுத் துருவ ஆரம்பிச்சாங்க. அம்மி, கரண்டி, டப்பா எல்லாத்துக்கும் கொதிநீர்க் குளியல்.

மாசக் கடைசிக்கு முன்னாடி புது டப்பா வந்துச்சு. மூடி பிரியாம, ஐஸுக்குள்ள. முடிவு வந்த அன்னிக்குக் காலையிலேயே போன் போட்டேன். "அக்கா, உங்க சட்னி சுத்த..." முடிக்கவே விடல.

"இருங்க தங்கச்சி, அத அப்புறம் சொல்லுங்க, மொதல்ல உங்க கிருமி ஒழுங்கா வளந்துச்சா?"

ஒருத்தரப் பாத்து நீங்க சுத்தம்னு வாய் நிறையச் சொல்றதுக்கு, பக்கத்துத் தட்டுல ஒரு கெட்டது நல்லபடியா வளரணுமேன்னு காத்துக் கெடக்கறதுதான் எங்க உத்தியோகம்.