வசந்தாமணி அத்தையின் ஒரே கேசட்

வெயிலில் காய்ந்த பேட்டரிக்கட்டையை உள்ளங்கையில் எடுத்தால், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கிழங்குபோலச் சுடும். துருவும் தகரமும் கலந்த அதன் வாடை விரலில் ஒட்டிக்கொண்டு, கை கழுவினாலும் போகாது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டு ஓட்டின்மேல் நான்கு கட்டைகளை வரிசையாக அடுக்கிக் காயவைப்பது பத்து வயதுக்காரியான என் வேலை. அப்படிச் செய்தால் தீர்ந்த கட்டைக்கு மறுபடி "உசுரு வரும்" என்று ஊரே நம்பியது. கொஞ்ச நேரத்துக்கு வரவும் செய்தது.

அந்தக் கொஞ்ச நேரம்தான் என் அப்பாவின் தங்கை வசந்தாமணி அத்தையைக் கவிழ்த்தது. கவிழ்த்தவள் நான்.

அத்தை எங்கள் வீட்டு விசைத்தறியில் நின்றுகொண்டே பாட்டுக் கட்டுவார். தறி ஓடும்போது எவ்வளவு உரக்கப் பாடினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது என்பதால்தான் அவருக்கு அந்தத் துணிச்சலே வந்தது என்று நினைக்கிறேன். மெட்டும் சொல்லும் அவருடையவை; புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியத்தைத் தானே தட்டித் தட்டிப் பழகிக்கொண்டார். "இது சினிமாப் பாட்டுங்களா, சாமிப் பாட்டுங்களா?" என்று தெருவில் கேட்டால், "எம்பாட்டுங்க" என்பார். "பனமரத்துப்பட்டி பஸ்ஸு வருது, நிக்காமப் போகுது, ஏறிப் போனா என்னன்னு எம்மனசு கேக்குது" என்ற பாட்டை, தறி நின்ற நேரங்களில் அவர் தணிந்த, கனத்த குரலில் பாடும்போது, எதற்கென்று தெரியாமலே நான் வாசலுக்குப் போய் பஸ் வருகிற பக்கம் பார்ப்பேன்.

ஆறு பாட்டைக் கேசட்டில் பிடித்து, செவ்வாய்ப்பேட்டைக் கேசட் கடையில் கொடுத்து வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு எதையும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. தெருவெல்லாம் தறி இரைகிற ஊரில், கரண்டு போனால்தான் அமைதி. எங்கள் டேப்ரிக்கார்டரின் வயரை எலி கடித்திருந்ததால், அது பேட்டரியில் மட்டும்தான் ஓடும். அதற்காகவே நான்கு புதுக் கட்டைகளை வாங்கி, "இதைத் தொட்டராத சாமி" என்று என்னிடமே பத்திரப்படுத்தச் சொன்னார். அத்தை தறிக்குப் போன பகல்களில் நான் அவற்றைப் போட்டு, அதே பெட்டியில் ரேடியோ கேட்டு, ஒட்ட உறிஞ்சிவிட்டேன். பயம் வந்ததும் ஓட்டின்மேல் காயவைத்து, ஒன்றும் தெரியாதவள்போலத் திரும்ப வைத்தேன்.

ஒரு மதியம் கரண்டு போனது. அத்தை ஒரே மூச்சில் ஆறு பாட்டையும் பாடி முடிக்கவும், நான் வாசலிலிருந்து "கரண்டு வந்துருச்சுங்கத்தை!" என்று கத்தவும், தெருத் தறிகள் இரையவும் சரியாக இருந்தது. கடைசிப் பாட்டை மட்டும் திருப்பிப் போட்டுக் கேட்டோம், நன்றாகவே இருந்தது. பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகச் சுற்றியதும், அந்த மெதுவான ஓட்டத்தில் பதிந்த குரல் அதே ஓட்டத்தில் சரியாகத்தான் கேட்கும் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை போனார். கடைக்காரர் தன் பெரிய பெட்டியில், கரண்டில், முழு வேகத்தில் போட்டார். முதல் பாட்டு அத்தை குரல். மூன்றாவதில் அது மேலே ஏறியது. ஐந்தாவதான பஸ்ஸுப் பாட்டை ஒரு சின்னப்பிள்ளை கீச்சுக் குரலில், ஓட்டமாய் ஓடிக்கொண்டே பாடியது.

"கொழந்தை யாருங்க, உங்க மகளுங்களா?"

"நாந்தானுங்க பாடுனேன். உங்க மிசினு என்னமோ பண்ணுது. திருப்பிப் பாடித் தாரேனுங்க."

"பெரியவங்க பாடறதுக்கு ஆளு நெறைய இருக்குதுங்க. இந்தக் கொரலுன்னா ஓடுமுங்க. பாப்பாப் பாட்டுன்னு போட்டர்லாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டையைத் தீர்த்ததைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அத்தை "எம் பேரைப் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பெயரைப் போட்டார்கள். கேசட் டவுன்பஸ்ஸில் ஓடியது, டீக்கடையில் ஓடியது. ஏக்கப் பாட்டைக் கேட்டு ஊரே சிரித்தது. "அந்தப் பாப்பாவுக்கு என்ன வயசுங்க?" என்று பஸ்ஸில் யாராவது விசாரித்தால், அத்தை "இருபத்தாறுங்க" என்பார், அதற்கும் சிரிப்பார்கள். கடைக்காரர் அடுத்த கேசட் கேட்டபோது, "அந்தக் கொழந்தைகிட்டப் போயி கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர், தறியிலும் பாடுவதை விட்டுவிட்டார்.

சென்ற மாதம் என் மகள், பரணில் கிடந்த அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பாட்டையும் வேண்டிய அளவு வேகம் குறைத்துச் சரிசெய்தாள். அத்தையைப் பார்க்க இருவரும் ஆட்டையாம்பட்டி போனோம். ஓட்டு வீடு இல்லை. எங்கள் தறி பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. கட்டையைக் காயவைக்க வெயில் மட்டும் இருக்கிறது. முதலில் நான் செய்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"அடிப்பாவி! நாப்பது வருசமா அந்தக் கடைக்கார மனுசன் மிசினையல்லவா வஞ்சுட்டிருந்தேன்" என்றார் அத்தை.

மகள் பஸ்ஸுப் பாட்டைப் போட்டாள். அந்தத் தணிந்த, கனத்த குரல் நிதானமாக வந்தது. அத்தை அசையாமல் கேட்டார். ஆறாவது பாட்டும் முடிந்து, நான் கத்தியதும் தெருத் தறிகள் எல்லாம் இரையத் தொடங்கியதும் கேட்டு ஓய்ந்தபின், மகள் மெதுவாகக் கேட்டாள்: "இப்பச் சரியா இருக்குதுங்களா, பாட்டி?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தாறுங்க" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.