பாம்புக்காதும் வாயடைத்த கப்பலும்

காது மந்தமானவருக்குச் சந்தேகமும் சேர்ந்துகொண்டால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் நிம்மதியாக இருமக்கூட முடியாது. மீன்வளத் துறை ஆராய்ச்சிக் கப்பலின் இன்ஜின்காரருக்கு இரண்டும் இருந்தன. கப்பலில் அவருக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. அவர் பக்கத்தில் நிற்கும்போதே தாராளமாக அப்படிக் கூப்பிட்டார்கள். அவருக்கா கேட்கப்போகிறது!

காதைக் கெடுத்ததே அந்தக் கப்பல்தான். அதைக் கப்பல் என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். பட்டாளத்துக்காரர்கள் லாரியும் டாங்கியும் ஏற்றிப்போய்க் கரையில் இறக்குவதற்காகச் செய்த தட்டையடிப் படகு அது. முன்பக்கம் முழுக்க, வாய் பிளந்ததுபோல் கீழே சாயும் ஓர் இரும்புக் கதவு. பட்டாளம் போதுமென்று தள்ளிவிட்டதை மீன்வளத் துறை வாங்கி, அந்த வாயைப் பற்றவைத்து மூடி, வெள்ளை அடித்தது. டாங்கி நின்ற இடத்தில் மீன் அளக்கும் மேஜை வந்தது. துப்பாக்கி பொருத்தியிருந்த இடத்தில் வலை இழுக்கும் வின்ச். மழைக்காலத்தில் வெள்ளைக்குள்ளிருந்து பழைய பச்சை எட்டிப் பார்க்கும். இன்ஜின் மட்டும் அதே பட்டாளத்து இன்ஜின். அது ஓடினால் மேஜையில் வைத்த டம்ளர் தானாக நடந்துபோய்க் கீழே விழும். அதன் பக்கத்தில்தான் அவருடைய வாலிபம் போயிற்று, தலைமுடி போயிற்று, வலது காதும் போயிற்று. இடது காதில் மிச்சம் இருந்ததை வைத்துக் காலம் தள்ளினார்.

கப்பலின் வேலை பார்க்க லேசாகத் தெரியும், ஆனால் கறார். வருடத்துக்கு ஒருமுறை ஆழமில்லாத வளைகுடாவுக்குள் போய், அதே இடங்களில், அதே வலையை, அதே நேரம் இழுத்து, விழுந்த மீனை எண்ணி அளக்க வேண்டும். எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் போன வருடக் கணக்கோடு ஒப்பிட முடியாது. "ஒரு முடிச்சைக்கூட மாத்திடாதீங்க" என்று ஆராய்ச்சியைக் கவனிக்கும் டாக்டரம்மா தினமும் சொல்வார். மீனுக்குத்தான் டாக்டர், மனுஷருக்கு அல்ல.

இன்ஜின்காரரின் மனைவிக்குத் தம்பி ஒருவன். அந்த வளைகுடாவில் சின்னப் படகு வைத்துப் பிழைப்பவன், வாய்த்துடுக்கு. சாப்பிட வரும்போதெல்லாம் சீண்டுவான். "அத்தான், நாங்க இன்ஜினை அணைச்சுட்டு, இருமலைக்கூட அடக்கிக்கிட்டுத்தான் வலை விடுவோம். உங்க கப்பல் மேளம் கொட்டிக்கிட்டு வருது. மீனெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடும்!" அவரும் சிரித்துவைப்பார். இவன் கப்பலைச் சொல்கிறானா, என்னைச் சொல்கிறானா என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பார்.

அந்த வருடம் பெரிய இழுவைப் படகுக்காரர்கள் வளைகுடாவுக்குள் வர அனுமதி கேட்டார்கள். ஏற்கெனவே மீன் குறைந்துவிட்டது, அவர்களும் வந்தால் துடைத்து எடுத்துவிடுவார்கள் என்று சின்னப் படகுக்காரர்கள் கதறினார்கள். ஆராய்ச்சிக் கணக்கு வரட்டும், பார்த்துச் சொல்கிறோம் என்றது துறை.

பிடித்தது சனி. இன்ஜின்காரர் கண்ணுக்குக் கப்பலில் எல்லாருமே குசுகுசுவென்று பேசினார்கள். மேல்தளத்தில் கேப்டனும் டாக்டரம்மாவும் நின்றால் உதடு அசைவது தெரியும். இவர் ஏறிப் போனால் பேச்சு நின்றுவிடும். கையில் ஸ்பேனரோடு ஒருவர் முறைத்துக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் பேச்சு வரும்? அவர் அப்படி யோசிக்கவில்லை. பெரிய படகுக்காரர்கள் இவர்களை வளைத்துப் போட்டுவிட்டார்கள், கணக்கைத் திரிக்கப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் காது கேட்க வேண்டும். இன்ஜின் அறையிலிருந்து கேப்டனின் அறைக்கு ஒரு காற்றுக் குழாய் போகிறது. இன்ஜின் மட்டும் வாயை மூடினால் அதில் காதை வைத்துக் கேட்டுவிடலாம். கப்பல் பழுதுபார்க்க நின்றபோது, லாரி டயரை அறுத்து இன்ஜினின் காலுக்கடியில் கொடுத்தார். புகைக்குழாயில் இரண்டாவதாக ஒரு சைலன்சரை மாட்டினார். அறைச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைக் கட்டினார். ஓட்டிப் பார்த்தால் பூனை உறுமுகிற சத்தம்தான் வந்தது. கேட்டவர்களிடம் அதிர்வைக் குறைக்க என்றார். வலையையோ இடத்தையோ தொடவில்லையே, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பாடா! இப்பத்தான் என் பல்லு தாடையில நிக்குது" என்றார் கேப்டன்.

வளைகுடாவுக்குள் போய் வலையை விட்டார்கள். வலை கனத்துக்கொண்டு வந்தது. அடுத்த இடத்திலும் அப்படியே. இத்தனை வருடத்தில் பார்க்காத மீன்! டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டார் இன்ஜின்காரர்.

செய்தி கரைக்குப் போனது. அவர் வீட்டுக்குப் போனதும் மைத்துனன் வாசலிலேயே நின்று கத்தினான். "எங்க வலையில ஈ காக்கா இல்ல. உங்களுக்கு மட்டும் எங்கேருந்து கொட்டுது? அந்தப் பொய்க்கு நீங்களும் உடந்தையா அத்தான்? அக்கா, இனிமே இந்த வாசல்ல என் கால் படாது!"

மனைவி தட்டை வைத்த சத்தம் அவருக்கே கேட்டது. "என் தம்பி வயித்துல அடிச்சுட்டு, உங்களுக்குச் சோறு இறங்குதா?" அதுவும் தெளிவாகக் கேட்டது.

அவமானத்தில் மனுஷர் வெந்து போனார். அந்த டாக்டரம்மாவை விடுவதில்லை என்று கிளம்பினார். தராசில் தன் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். தராசு சரி. கரையில் வாங்கிய மீனை வலைக்குள் போடுகிறார்களோ என்று ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்துப் பார்த்தார். ஒரு மீன் அவர் கையிலிருந்து துள்ளி முகத்தில் வாலால் ஒன்று வைத்தது. வின்ச்காரனைச் சந்தேகப்பட்டார். கேப்டன் இடத்தை மாற்றிக் காட்டுகிறாரோ என்று கரையிலிருந்த கலங்கரை விளக்கத்தை வைத்துச் சரிபார்த்தார். ஒரு மண்ணும் அகப்படவில்லை.

தினமும் காற்றுக் குழாயில் காதை வைத்தும் மீன் கணக்கைத் தவிர ஒன்றும் விழவில்லை. கடைசி நாள் வேலை முடிந்து திரும்பும்போதும் இடது காதை ஒட்டிவைத்து நின்றார். டாக்டரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"கேப்டன், இந்தக் கணக்கை என்னாலயே நம்ப முடியல. சின்னப் படகுக்காரங்க பொய் சொல்லல. நாமதான் எதையோ மாத்தியிருக்கோம்."

"அதே வலை, அதே இடம். வேற என்னம்மா மாத்தினோம்?"

"தெரியலையே! நாளைக்கு அறிக்கை போகணும். காரணம் இல்லாம நம்பாதீங்கன்னு எப்படி எழுதறது? பெரிய படகுக்குத் திறந்து விட்டுடுவாங்க."

"நம்ம இன்ஜின்காரர்கிட்ட கேட்டுப் பார்ப்போமா?"

"ஐயோ, அவரா? என்னைப் பார்த்தாலே திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு. நான் அவருக்கு என்ன செஞ்சேன்னே தெரியல."

இன்ஜின்காரர் காதை எடுத்தார். இன்ஜின் தன் பாட்டுக்கு மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கப்பலின் தட்டையான அடியில் தண்ணீர் உரசுவதுகூடக் கேட்டது. மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடும் என்று மைத்துனன் சிரித்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் சத்தத்துக்கு ஓடிய மீன், இந்த வருடம் ஓடவில்லை. அவ்வளவுதான் விஷயம். மீன் பெருகவே இல்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷர் தன் கையை மட்டும் விட்டுவிட்டார்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? மறுபடி அந்த இரைச்சலில் நின்றால் மிச்சக் காதும் போய்விடும் என்று காது வைத்தியர் எச்சரித்திருக்கிறார். இன்ஜின்காரர் டயர்த் துண்டுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே ஏறினார். வழக்கம்போல அவரைக் கண்டதும் பேச்சு நின்றது.

"அம்மா, மாத்தினது நான்தான்" என்றார். "இன்ஜின் சத்தத்தை அடக்கிட்டேன். நீங்க பேசுறதை ஒட்டுக்கேக்கத்தான்."

கேப்டன் வாயைப் பிளந்தார். டாக்டரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அறிக்கையை நிறுத்தி வைக்கிறேன்" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் கழட்டுங்க. மறுபடி இழுத்துப் பார்த்துடுவோம்."

கழற்றினார். மறுநாள் இன்ஜின் பழையபடி இடித்தது, டம்ளர் நடந்துபோய் விழுந்தது, வலை மெலிந்து வந்தது. எல்லா இடத்திலும் அப்படியே. போன வருடத்தைவிடவும் குறைவு. வெறும் வலையைப் பார்த்து டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். துறை வளைகுடாவைப் பெரிய படகுகளுக்குத் திறந்துவிடவில்லை. பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் இன்ஜின் இனி என்றைக்கும் இப்படித்தான் கத்த வேண்டும். இன்ஜின்காரருக்கு டாக்டரம்மா காதை மூடும் கவசம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டால் ஒன்றுமே கேட்காது.

மைத்துனன் வீட்டுக்கு வந்தான். இன்ஜின்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் அக்காவும் தம்பியும் அவரைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசினார்கள். உதடு அசைந்தது. என்னைப் பற்றியா என்று கேட்க வந்ததை அவர் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

மனைவிக்கு அந்த முகம் தெரியாதா? "உங்களைப் பத்தித்தான் பேசுறோம்!" என்று கத்தினாள். "அத்தான் மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டார்னு சொல்றான்!"

"என்னது?" என்றார்.

இன்னும் உரக்கச் சொன்னாள்.

"என்ன சொல்றான்?"

தெருவுக்கே கேட்கிற மாதிரி மூன்றாம் தடவையும் சொன்னாள். அவருக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. நம்புவதற்குத்தான் மிச்சம் இரண்டும்.