ஒரு பக்கம் ஓடுது

செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. தேங்காய் லாரி, தக்காளி வேன், மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர் எல்லாம் அதில் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும். மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. அறைக்குள் ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் பொன்னுத்துரை.

வண்டி வந்தால் ஜன்னல் வழியாக வண்டி எண்ணைக் கேட்பார். தட்டுவார். சீட்டு அச்சாகி வரும். கிழித்துக் கொடுப்பார். வண்டி இறங்கிப் போனதும் புழுதி அடங்கும். பிறகு அடுத்த வண்டி வரும்வரை பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். இங்கேயாவது லாரி வரும், அங்கே அதுவும் வராது.

மேசையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு நிறத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. அவருடைய ஒரே மகள் சௌந்தர்யா, கல்லூரியில் படிக்கும்போது திண்டுக்கல்லில் வாங்கியவை. கல்யாணமாகி ஓசூருக்குப் போகும்போது, "பாட்டாவது கேளுங்கப்பா, சும்மா ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்று எடைமேடைக்குக் கொண்டுவந்து அவளே மாட்டிக் கொடுத்தாள். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி இடது பக்க ஸ்பீக்கர் செத்துப்போனது. வலது பக்கம் ஓடும். ஆனால் அதன் வாயில் துணி கிழிந்து, சத்தத்தைக் கூட்டினால் பாட்டு இருமுகிற மாதிரி இருக்கும். அதனால் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். ஆனாலும் காலையில் வந்ததும் அதன் சுவிட்சைப் போடாமல் உட்கார மாட்டார்.

காரணம் இருந்தது. பொன்னுத்துரை வைத்திருப்பது பட்டன் போன். அதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், யாராவது கூப்பிடும்போது மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பீக்கர் 'டிகுடி டிகுடி டிகுடி' என்று கத்தும். சௌந்தர்யா தினமும் மத்தியானம் கூப்பிடுவாள். ஸ்பீக்கர் கத்தியதும் இவர் போனைக் கையில் எடுத்துக்கொள்வார். முதல் மணி முழுசாக அடித்து முடிப்பதற்குள் "சொல்லு ஆத்தா" என்பார். போனைக் கையிலேயே கட்டி வைத்திருக்கிறீர்களா என்று அவள் சிரிப்பாள். ரகசியத்தை இவர் சொன்னதே இல்லை.

அந்த மத்தியானப் பேச்சு மாசி மாசத்தோடு நின்றுபோனது.

பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் சின்னாளப்பட்டிப் பக்கம் இருக்கிறது. அவர்கள் ஓசூரிலிருந்து வர வேண்டும், இவருக்கோ பஸ் ஏறினால் போதும். காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம். சௌந்தர்யாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. மாமன் இல்லாவிட்டால் என்ன, என் பிள்ளை தாத்தா மடியில் உட்காரட்டும் என்று அவள் ஒரே பிடியாகச் சொன்னாள். சரி என்றுதான் பொன்னுத்துரையும் சொன்னார். ஆனால் நாள் நெருங்க நெருங்க மனசு சுருங்கியது. மாப்பிள்ளை சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, மாமன் மடிக்கு ஆளில்லாத வீடு என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தார். யோசித்து யோசித்து, கடைசியில் முதலாளி லீவு தரவில்லை என்று சொல்லிவிட்டார்.

பொய் மூன்றாம் நாளே வெளுத்துப்போனது. காதுகுத்து அன்றைக்கு, எடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து எடைமேடைக்கு முத்திரை வைக்க அதிகாரிகள் வரும் நாள், மேடையே பூட்டிக் கிடந்தது என்பதை, போன் போட்டு விசாரித்தபோது முதலாளி மகன் வாயிலிருந்தே சௌந்தர்யா தெரிந்துகொண்டாள். அவள் சண்டை போடவில்லை. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருத்தர் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதைச் சொன்னாள். பிள்ளை கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அழுததைச் சொன்னாள். பிறகு, "இனிமே நான் கூப்பிடலப்பா. உங்களுக்குத் தோணுச்சுன்னா நீங்க கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

பொன்னுத்துரைக்குத் தோன்றாமல் இல்லை. எடுத்ததும் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நாளைக்குக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினார்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் ஸ்பீக்கர் கத்தியது. பாய்ந்து போனை எடுத்தார். மணி அடிக்கவில்லை. திரையில் யார் பெயரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கத்தியது, மறுபடியும் மணி இல்லை. அவருக்குப் பளிச்சென்று புரிந்த மாதிரி இருந்தது. அவள் கூப்பிடுகிறாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறாள். ரோஷக்காரி, அவ அம்மா மாதிரி.

அன்றிலிருந்து அந்தச் சத்தம்தான் அவருக்குத் துணை. சில நாள் காலையிலேயே கத்தும். சில நாள் சாயங்காலம் வரை ஊமையாக இருக்கும். அன்றைக்கு அவளுக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்வார். கத்தும்போதெல்லாம் போனின் மேல் கையை வைத்து, "அடிக்க விடு ஆத்தா, எடுக்குறேன்" என்று மெதுவாகச் சொல்வார். மாதங்கள் இப்படியே ஓடின. அவள்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாளே என்கிற நினைப்பில், தான் கூப்பிட வேண்டும் என்பதையே அவர் பாதி மறந்துபோனார்.

ஆவணியில் முதலாளி மகன் முகேஷ்குமார் புதுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தான். அதன் திரையிலேயே ஸ்பீக்கர் இருந்தது. பழையதையெல்லாம் பழைய இரும்புக்காரன் வரும்போது தள்ளிவிடச் சொன்னான்.

"ஸ்பீக்கர் இருக்கட்டும் தம்பி" என்றார் பொன்னுத்துரை.

"பாதி செத்தது, பாதி இழுத்துக்கிட்டுக் கிடக்குறது. எதுக்குண்ணே இது? கரண்டுக்குப் பிடிச்ச கேடு."

இரும்புக்காரன் வந்த அன்று ஸ்பீக்கர்களை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார். அவன் போனதும் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். அடுத்த வாரம் முகேஷ்குமார் பார்த்துவிட்டு, நாளைக்கு நான் வரும்போது இது இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் தேங்காய் லாரி ஓட்டுகிற ஆசாத் வந்தான். சீட்டு அச்சாகும்வரை பேசிக்கொண்டிருக்கிற ஒரே ஓட்டுநர் அவன்தான். விஷயத்தைக் கேட்டதும், வீட்டில் டிவிக்குச் சத்தம் பத்தவில்லை, தூரப் போடுவதை எனக்குக் கொடுங்கள் என்று உள்ளே வந்தான். ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகத் தன் பெரிய போனில் ஒயரைச் சொருகினான். தன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த இன்னொரு போனை, அதுவும் பட்டன் போன்தான், எடுத்து மேசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டான். பொன்னுத்துரையின் போன் அந்த நேரம் எதிர்ச் சுவரில் சார்ஜில் கிடந்தது.

டிகுடி டிகுடி டிகுடி.

பொன்னுத்துரை எழுந்து எதிர்ச் சுவருக்கு ஓடினார். கால் தடுக்கி நாற்காலி விழுந்தது.

"அண்ணே, எங்க ஓடுறீங்க? இது எம் போனுக்குக் கத்துது" என்றான் ஆசாத்.

"யாரு கூப்பிடுறா உன்னைய?"

"ஒருத்தனும் கூப்பிடல. இது சும்மாவே கத்தும்ணே. போனு டவரைத் தேடும்ல, அப்பக் கத்தும். எங்க வண்டி ரேடியோவுல வழி நெடுக இதே ரோதனைதான்."

பொன்னுத்துரை தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "யாராச்சும் கூப்பிட்டுட்டு, அடிக்கிறதுக்குள்ள வச்சா கத்தும்ல?"

"கத்துனாலும் கத்தும். அதுக்காக, கத்துறப்பல்லாம் ஒருத்தர் கூப்பிட்டு வைக்கிறாகன்னு சொன்னா, அவுகளுக்கு வேற பொழப்பு இல்லையாண்ணே?"

சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கீழே கிடந்த நாற்காலியை எடுத்து வைத்து, ஒயரைக் கழற்றிக்கொண்டு, அடுத்த நடையில் வந்து ஸ்பீக்கரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

லாரி போனபின் புழுதி அடங்கியது. பொன்னுத்துரை நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை மாதமும் அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இவர் கையை வைத்துக்கொண்டு பேசியதெல்லாம் டவரோடு. அந்த அறை அவ்வளவு காலியாக அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை, மனைவியைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த வாரம்கூட.

பிறகுதான் இன்னொன்று தோன்றியது. ஓசூரில் அவள் மேசையில் இந்த மாதிரி ஸ்பீக்கர்கூட இருக்காது. நினைத்துக்கொள்வதற்கு அவளுக்கு இந்தப் பொய்ச் சத்தம்கூடக் கிடைத்திருக்காது. அப்பன் கூப்பிடவே இல்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

சார்ஜரைக் கொண்டுவந்து மேசைப் பக்கம் சொருகினார். எண்ணைத் தேடி அழுத்தினார். காதில் மணி கேட்பதற்கு முன்னால் ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்தது. நெடுநேரம் அடித்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது எடுத்தாள்.

"அப்பா" என்றாள்.

"அன்னைக்கு லீவு கிடைக்காம இல்ல ஆத்தா. மேடை பூட்டித்தான் கிடந்துச்சு. நாந்தான் வரல."

"தெரியும்ப்பா."

"மாமன் இல்லாத வீடுன்னு யாராச்சும் சொல்லிருவாகளோன்னு..."

ஸ்பீக்கர் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. "அது என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"நீ வாங்கிக் குடுத்த ஸ்பீக்கரு."

"அதை இன்னுமா வச்சிருக்கீங்க? தூக்கிப் போடலயா?"

"ஒரு பக்கம் ஓடுது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கூப்பிடுவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதை, இத்தனை நாளும் அது கத்தும்போதெல்லாம் அவள்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வைக்கிறாள் என்று நினைத்ததை. சொல்லும்போதே பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது.

"நான் கூப்பிடலப்பா" என்றாள்.

"தெரியும். இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றார். என்ன வெஞ்சனம் என்று கேட்டாள். கத்தரிக்காய் என்றார். வெளியே ஒரு வேன் ஹாரன் அடித்தது. வண்டி வந்திருக்கிறது போலிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அவள் சொல்ல, அவர் சரி என்றார். மறுபடி கூப்பிடுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

செத்துப்போன இடது பக்க ஸ்பீக்கரின் ஒயரைப் பல்லால் கடித்து வெட்டி, பழைய சாமான் சாக்கில் போட்டார். சாயங்காலம் வந்த முகேஷ்குமார் சாக்கையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னண்ணே, பாதிதான் போயிருக்கு?" என்றான். பிறகு சாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் ஸ்பீக்கர் கத்தியது. டவர்தான் என்று தெரியும். இருந்தாலும் தலை தானாகப் போன் பக்கம் திரும்பியது. மணி அடிக்கவில்லை. மேடையில் ஒரு தக்காளி வேன் ஏறி நின்றிருந்தது. பொன்னுத்துரை ஜன்னல் வழியாக வண்டி எண்ணைக் கேட்டார்.