கிருஷ்ணம்மா கிள்ளிப் பார்த்த வேர்

கிருஷ்ணம்மா குழிக்குள் குனிந்து ஒரு சல்லிவேரைக் கிள்ளுகிறாள். தோலை நகத்தால் சுரண்டி, முனையைப் பல்லில் வைத்துக் கடிக்கிறாள். வைக்கோல் போல நொறுங்கினால் செத்த வேர். நாக்கில் ஈரம் பட்டால் உயிர் வேர். "தூ! இது செத்துப்பூட்ச்சு" என்று துப்பிவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பாள்.

மாரிக்குப்பத்துக்கு ரயிலேறி நிலக்கரி வந்தும், தங்கச் சுரங்கத்து பாய்லர்களின் விறகுப் பசி அடங்கவில்லை. பாலகாட் சுரங்கத்தைச் சுற்றிய காட்டில் மிஞ்சிய மரங்களை வேரோடு பெயர்த்து வண்டியேற்றுவதுதான் அவளுக்கும் புருஷன் தங்கவேலுவுக்கும் பிழைப்பு. "வெயில்ல சல்லி பூரா செத்துடும், மண்ணு தானா கழண்டுக்கும். மழ வுழுந்தா வெள்ளவெள்ளயா புதுசு வுடும். அப்பால இன்னா குத்துனாலும் அசையாது" என்பாள். அவள் அஞ்சுவது நடுவில் வரும் நாட்களுக்கு. பழைய வேர் செத்திருக்கும், புதுவேர் விட்டிருக்காது, மண் மட்டும் ஊறியிருக்கும்; மரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

போன சித்திரையில், முதல் மழைக்கு மறுநாள், ஓடைக்கரைத் துரிஞ்சி மரத்தைச் சாய்க்கத் தங்கவேலு அடியில் குழி பறித்துக்கொண்டிருந்தான்.

"யோவ், ஏறி வாய்யா. புதுசு ஒண்ணுகூட வுடல."

"இன்னாடி நீ, இம்மாம் மரம் வுழுந்துடுமா?"

சொல்லி முடிப்பதற்குள் கரை சரிந்தது. இடுப்புவரை மண் மூடியது. மரம் அவன் தலைக்குமேல் சாய்ந்து நின்றது. மார்புக்குக் குறுக்கே இரண்டு வேர்கள். எதை வெட்டினாலும் அவனை உருவிவிடலாம். ஆனால் அதில் ஒன்றுதான் மரத்தை இழுத்துப் பிடித்திருந்தது.

வண்டிக்காரர்கள் எட்ட நின்று கத்தினார்கள். கிருஷ்ணம்மா இறங்கினாள். இரண்டையும் சுரண்டினாள். இரண்டிலும் ஈரம். மழைத் தண்ணீரா, உயிரா? கடித்தாள், வாயெல்லாம் சேறு.

"தெர்லயே... தெர்லயே..."

"ஏதாச்சும் ஒண்ண வெட்டுடி!"

மேலே மரம் முனகியது. இரண்டு வேரிலும் உள்ளங்கையை வைத்தாள். ஒன்று முறுக்கேறி அதிர்ந்துகொண்டிருந்தது. மற்றதில் ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அதிராத வேரில் கத்தியை இறக்கினாள்.

மரம் அசையவில்லை.

கையாலேயே மண்ணை வாரி, அக்குளில் கை கொடுத்து இழுத்துக் கரையேற்றினாள். தங்கவேலு மூச்சு வாங்கியபடி சிரிக்கப் பார்த்தான். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவன் தலையை மடியில் சாய்த்து, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, கண்ணுக்குள் போயிருந்த மண்ணை ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.