எட்டடிக்குப் பத்தடி அறையில் ஏழு பேர்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு தை மாதச் சனிக்கிழமை. ஆண்டிமடம் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். சுற்றுலா என்றாலே எங்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம்தான். “கோயிலையே எத்தனை தடவை சார் பாக்கறது?” என்று தலைமை ஆசிரியரிடம் ஒற்றைக்காலில் நின்று, பிள்ளைகளை அரியலூர் பக்கம் அழைத்துப் போனேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு வரிசையை மட்டும் அங்கே இடிக்காமல் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

எட்டடிக்குப் பத்தடி, ஒரே அறை, மூலையில் அடுப்பு. நான் கொடுத்த தாளில் கடைசிக் கேள்வி, ‘இந்த வீட்டில் உள்ள குறைகள் பத்து எழுதுக’. எல்லோரும் மளமளவென்று எழுதினார்கள். ஒருத்தி மட்டும் காலியாக விட்டிருந்தாள். “கண்ணு முன்னாடி இருக்கறதை எழுதத் தெரியலையா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. தலையும் குனியவில்லை. “எங்க வூடும் இவ்ளோதான் டீச்சர். ஏழு பேரு இருக்கோம். நான் எழுத மாட்டேன்” என்றாள்.

“ஏழு பேரு எப்படிப் படுப்பீங்க?” என்று ஒரு பையன் சிரித்தான்.

நான் அவனை அதட்டுவதற்குள் அவள் ஆறு தோழிகளைக் கூப்பிட்டுத் தரையில் படுக்க வைக்க ஆரம்பித்தாள். ஒருத்தி தலைமாட்டில் அடுத்தவள் கால். “கதவோரம் எங்கப்பா. விடியகாலையில லோடு ஏத்தப் போவணும், யாரையும் மிதிக்காம எழுந்து போயிடுவாரு. அடுப்புப் பக்கம் அம்மா.” மிச்சமிருந்த இடத்தில் அவளும் படுத்தாள். கச்சிதமாக ஏழு பேர்.

பையன் விடவில்லை. கதவைத் திறந்தால் அப்பா தலையில் இடிக்காதா என்றான்.

“அதான் வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்திட்டாரு. இங்கயும் அப்படித்தானே மாத்தியிருக்காங்க, பாரு.”

பார்த்தோம். நிலையின் உள்பக்கத்தில் பழைய கீல் இருந்த தழும்பு. கதவு வெளிப்பக்கம்தான் திறந்தது. முன்கூட்டியே இரண்டு தடவை வந்து குறிப்பெடுத்துப் போன மேதாவி நான். என் கண்ணில் அது படவே இல்லை.

வெட்கமாகப் போய்விட்டது. கத்திய இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும், “நான் கேட்டதுதான் தப்பு கண்ணு, மன்னிச்சுடு” என்றேன். சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே “சரிங்க டீச்சர்” என்றாள். அவ்வளவுதான்.

இன்றைக்கும் ஒரு பிள்ளை பதில் எழுதாமல் விட்டால், முதலில் என் கேள்வியைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.