அக்கா எடுக்காத வைரம்

எங்கள் அக்கா மண்ணுக்குள் போய், வரும் மாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலர் என்றால் போனவர்களின் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அக்காவிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால் அதில் எனக்குச் சிரமமில்லை. என்னைப் பற்றித்தான் கெட்டதை எழுத வேண்டியிருக்கிறது. அச்சகத்துக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை இப்படியேவா போடறதுங்க?" என்று கேட்டார். இப்படியே போடச் சொன்னேன்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; அக்கா குண்டூர் நாட்டில் பிறந்தவர். எனக்கு ஆறு வயது மூத்தவர். காய்ச்சல் அப்பாவை ஒரு மழைக்காலத்திலும் அம்மாவை அடுத்த மழைக்காலத்திலும் கொண்டுபோனது. பதினான்கு வயதில் சாமைக்காட்டையும் என்னையும் சேர்த்துத் தூக்கிச் சுமந்தார். என்னை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, வாரம் ஒருமுறை களி உருண்டையும் துவையலும் எடுத்துக்கொண்டு மலையிறங்கி வருவார். கொடுத்துவிட்டு அன்றைக்கே ஏறிவிடுவார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தபோது, ஊரில் பார்த்தவரிடமெல்லாம், "எந்தம்பிக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அதை நம்பியதில் தப்பில்லை. நானும் நம்பினேன் பாருங்கள், அதுதான் வினையாகப் போயிற்று.

பெரக்கரை நாட்டில் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். மச்சான் நல்ல உழைப்பாளி. குழந்தை இல்லை. அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை அந்த நாட்டில் காப்பித் தோட்டம் போட்டு, பங்களா கட்டிக் குடிவந்திருந்தார். அக்கா துரைசானிக்குப் பணிவிடை செய்யும் ஆயாவாகப் போனார். எனக்கும் அங்கேயே எழுத்தர் வேலை கிடைத்தது. துரைசானி மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழை அக்காவிடம் மட்டும்தான் செலவழித்தார். இருவரும் மணிக்கணக்கில் பேசாமலே சேர்ந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதக்கத்தைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். துரைசானியின் பாட்டி, விக்டோரியா மகாராணி காலத்தில் அணிந்தது. கழுத்துப் பட்டையில் ஊசியால் குத்திக்கொள்வது. நெல்லிக்காய் அளவு இருக்கும். நடுவில் ஒரு வைரம், சுற்றிலும் இருபது. கல் பதித்த முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் தங்கம், ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பூச்சு. கையால் பட்டை தீட்டிய கல் என்பதால் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. சேலத்துக் கடைகளில் பின்னால் நான் பார்த்த புது வைரம் கண்ணைக் குத்தும். இது குத்தாது. பகலில் கொஞ்சம் மங்கலாகவே கிடக்கும். மெழுகுவத்தியை ஏற்றினால் உள்ளேயிருந்து அடுப்புக் கங்குபோலக் கனியும். அந்தக் காலத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்துக்கென்றே கல்லை அப்படிச் செதுக்கினார்களாம். அக்காவுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. அணிந்துகொள்ளும் ஆசையல்ல, பார்க்கிற ஆசை. "எத்தனை பேரு கழுத்துல இருந்து வந்ததோ, கண்ணு. இன்னும் சூடு ஆறல பாரு" என்பார்.

ஒரு ஐப்பசியில் துரைசானிக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. மூன்று வாரமாகியும் விடவில்லை. கண் குழிந்துபோனது. ஒருநாள் அக்கா பதக்கத்தைத் துணியால் துடைக்கும்போது பின்பக்கத்து மூடி திறந்துகொண்டது. உள்ளே ஒரு கண்ணாடித் தகடு. அதற்குக் கீழே கறுப்பு நூலால் கட்டிய ஒரு சுருள் முடி.

எங்கள் மலையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முடியைக் கறுப்பு நூலில் கட்டி, ஒருவர் உடம்போடு இருக்கும்படி ஒளித்து வைத்தால் அது வைப்பு. யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள். அக்கா பதக்கத்தை முந்தானையில் மறைத்து, எழுத்தர் அறைக்கு என்னிடம் கொண்டுவந்தார்.

"மூடியில என்னமோ எழுதியிருக்குது. படிச்சுச் சொல்லு, சாமி."

எழுத்துக் கூட்டினேன். மேல் வரி எனக்குப் புரியவில்லை. கீழே ஒரு பெயர், அதன் வாலில் துரை வீட்டுக் குடும்பப் பெயர், பிறகு இரண்டு வருடங்கள். மேல் வரி புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாததே இல்லாத தம்பி அப்படிச் சொல்வானா?

"துரை வீட்டுப் பேரை எழுதி வெச்சிருக்கான். வைப்பேதான், அக்கா. ஓடற தண்ணியில உட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு."

அக்கா அப்படியே செய்தார். எங்கள் மலைத்தெய்வம் பெரியசாமியை வேண்டிக்கொண்டு முடியை மட்டும் ஓடையில் விட்டார். பதக்கத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். மூன்றாம் நாள் துரைசானிக்குக் காய்ச்சல் இறங்கியது. அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே திரிந்தோம்.

மார்கழியில் ஒருநாள் துரைசானி தானே அந்த மூடியைத் திறந்தார். அழவில்லை, கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துரை, கல்லைத் திருட யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று போலீசுக்கு ஆள் அனுப்பினார். வந்த ஏட்டு கல்லை எண்ணினார். அதை எழுதியவன் நான். இருபத்தொரு கல், ஒன்றும் குறையவில்லை என்று என் கையாலேயே எழுதினேன். அதற்குள் அக்கா முன்னால் வந்து, "முடியை நாந்தானுங்க எடுத்தேன். ஓடையில உட்டுட்டேன்" என்றார். யார் சொல்லிச் செய்தார் என்பதைச் சொல்லவில்லை.

துரைசானி எழுந்து, "இடம் காட்டு" என்றார்.

ஓடையில் அன்று இடுப்பளவு தண்ணீர். இரண்டு மாத மழை அதன் வழியாகப் போய்விட்டிருந்தது. துரைசானி பூட்சைக் கழற்றாமலே இறங்கினார். பின்னாலேயே அக்காவும் இறங்கினார். கல்லிடுக்கில் கைவிட்டு, வேரும் பாசியுமாக அள்ளி, உள்ளங்கையில் பிரித்துப் பார்த்து, கீழே போட்டார்கள். மறுபடி அள்ளினார்கள். மத்தியானம் வரைக்கும் அதுவே. அக்கா அழுதுகொண்டே, "உங்களுக்கு வெச்ச வைப்புன்னு நெனச்சேனுங்க. நீங்க பொழைக்கோணும்னுதானுங்க செஞ்சேன்" என்றார்.

"அது என் பாப்பா" என்றார் துரைசானி.

இந்த மலைக்கு வருமுன் வேறு ஊரில் காய்ச்சலில் போன குழந்தை. நான்கு வயது. பாட்டியின் பதக்கத்தில் மகளின் முடியை வைத்து, மேல் வரியில் 'நினைவாக' என்றும், கீழே பெயரையும் பிறந்து இறந்த வருடங்களையும் பொறித்து வைத்திருந்தார். அப்படி வைத்துக்கொள்வது அவர்களுடைய முன்னோர் வழக்கமாம். அந்தக் குழந்தையின் உடம்பில் உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு சுருள்தான். நான் கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீரில் இறங்கக்கூட இல்லை.

துரைசானி அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துரை அன்றே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். பத்து நாளில் துரைசானிக்குக் காய்ச்சல் திரும்பியது. கம்பளி போர்த்தி டோலியில் மலையிறக்கினார்கள். அக்கா பாதையோரம் நின்று கும்பிட்டார். துரைசானி கண்ணைத் திறக்கவில்லை. சேலம் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

பங்களாவுக்குப் போலீஸ் வந்ததை மட்டும்தான் ஊர் பார்த்தது. கல் குறையவில்லை என்று நான் எழுதிய தாள் ஏட்டோடு போய்விட்டது. பெரக்கரை நாட்டுத் தலைவரான பட்டக்காரர் கூட்டம் கூட்டினார்.

"அம்மிணி, வைரம் எங்கே?"

"கல்லு எடுக்கலீங்க. முடியைத்தானுங்க எடுத்தேன்."

கூட்டம் சிரித்தது. சுற்றி இத்தனை வைரம் இருக்கையில் ஒரு சுருள் முடியை யாராவது எடுப்பார்களா என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

"நீ சொல்றதுக்கு ஆராச்சும் சாட்சி இருக்குதா?"

நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். தலைமை எழுத்தர் வேலையைத் தருவதாகத் துரை எனக்குச் சொல்லியிருந்தார். நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் அன்றோடு தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆருமில்லீங்க" என்றார்.

மறுநாள் மச்சான் அக்காவைக் குண்டூர் நாட்டுக்குக் கூட்டிவந்து என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஊர் பேசியதைத்தான் அவரும் நம்பினார். அக்கா அன்றைக்கே கண்ணாடிக்கல் மூக்குத்தியைக் கழற்றினார். "மின்னுறதைப் பாத்தா எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் என் வீட்டில் இருந்தார். என் மூன்று பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் நகை கழற்றி வைக்கிற அறைப்பக்கம் போகமாட்டார். யாரும் தடுத்ததில்லை. தானாகவே வாசலில் நின்றுகொள்வார். நான் தலைமை எழுத்தரானேன். பெரிய வீடு கட்டினேன். ஒரு தடவைகூட அவர் என்னிடம் முகம் கோணியதில்லை. கோணியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன தை மாதம் கால் வீங்கிப் படுத்தார். வைத்தியர் கையை விரித்துவிட்டார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "பட்டக்காரர் ஊட்டுக்குப் போயி நெசத்தைச் சொல்லிட்டு வாரேன், அக்கா" என்றேன்.

"வேண்டாஞ் சாமி. நம்ம பாப்பாவுக்குப் பரிசம் போட்டிருக்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா நின்னுபோயிரும். நான் போறவதான."

சரி என்றேன். அவர் சொன்னதற்காக மட்டுமல்ல, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. மாசியில் அக்கா போனார். வைகாசியில் மகள் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. சம்பந்தி வீட்டாருக்கும் இந்த மலர் வரும். அவர்கள் நினைப்பதை நினைக்கட்டும்.

கடைசி வரை மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கல்லுப்பாறையில் குழி வெட்டிய நால்வருக்கும், அடிவாரத்திலிருந்து மழையில் ஏறிவந்த உறவுகளுக்கும் என் கும்பிடு. பெரக்கரை நாட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மை தெரியாமல் வராமல் இருந்தார்கள். நான் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அங்கே இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. மச்சானுக்கும் எழுத்துத் தெரியாது. ஆகவே திதி முடிந்த மறுநாள் நானே பெரக்கரைக்குப் போய், ஊரார் முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கப் போகிறேன். படித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடித்த பிறகு என்னை என்ன செய்வதென்று ஊர் சொல்லட்டும்.